வரிசைப் பாட்டைப் பாடியவள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கட்டிய புருஷனே அதைச் சமயத்தில் மறந்துவிடுவான் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன! வானொலி நிலையத்தில் அவள் 'மூணாவது'. கோரஸ் பாடும் பெண்கள் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மைக். யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஸ்டுடியோ தரையில் சாக்பீஸால் நாலு கோடு போட்டிருந்தார், மெட்டுப் போட்டு கோரஸை நடத்தும் அக்கார்டியன்காரர். முதல் கோடு மைக்கின் மூக்குக்கு அடியில். நாலாவது கோடு பின்சுவரை ஒட்டி. அதே கோட்டில் நின்று நின்று, கோட்டின் எண்ணே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. வாசல் காவலாளிகூட, "மூணாவது வந்தாச்சு, நாலாவதைத்தான் இன்னும் காணோம்" என்பார்.

புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "அவங்களுக்குத்தான் நீ மூணாவது. இந்த வீட்டுல உனக்கு முன்னாடி யாராவது இருக்காங்களா, சொல்லு" என்று சீண்டுவான். அவளுக்குச் சிரிப்பு வராது. அவளுக்குள் ஓர் அரிப்பு இருந்தது. ஒரே ஒரு பாட்டு, முன்னால் நின்று, தனியாகப் பாட வேண்டும். கேட்கிறவன் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, "யாருப்பா இது பாடுறது?" என்று கேட்க வேண்டும். இந்த ஆசையால் அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பாத்திரம் கழுவும்போது கால் தாளம் போடும். பஸ்ஸில் நின்றால் உதடு அசையும்.

கோரஸ் என்பது விசித்திரமான பிழைப்பு. குரல் வேண்டும், ஆனால் அது யாருடையது என்று தெரியக் கூடாது. நாலு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் ஆளுக்கு ஓர் இடத்தில், சத்தமில்லாமல் தோளை மட்டும் லேசாகத் தூக்கி, மூச்சைத் திருடிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் இப்படிப் பாடினால் அதில் மனசுக்கு வேலை இல்லை, உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அவள் கோரஸ் பாடிய பத்து வருஷத்தில் நாடு ஓரிடத்தில் நின்றதா என்ன! ஒரு பிரதமர் போனார், இன்னொருவர் வந்தார், அவரையும் தள்ளிவிட்டு ஒரு நாள் விடியற்காலை ராணுவத் தளபதி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு நாலு பேரையும் ஜீப் வைத்து வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, கட்டுப்பாடு, ஒழுக்கம் என்று ஒரு பாட்டைப் பாடச் சொன்னார்கள். போன வாரம் பழைய பிரதமருக்குப் பாடிய அதே மெட்டு. வரி மட்டும் மாறியிருந்தது. நாலாவது வாய் தவறிப் பழைய வரியைப் பாடிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள். அவள் அப்படித்தான், நிழலைப் பார்த்தாலும் பயப்படுகிற ரகம்.

ராணுவ ஆட்சியில் எதற்கெடுத்தாலும் வரிசை. மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை; சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதைக் கேட்க இன்னொரு வரிசை. தொழிற்சங்கக் கூட்டத்தில் வாசித்தார் என்று அக்கார்டியன்காரரை வேலையிலிருந்து தூக்கினார்கள். மனுஷன் சும்மா இருப்பாரா? ஒரு தையல்கடைப் பின்னறையில் ரகசியமாக ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டு, நாலு பெண்களுக்கும் சொல்லி அனுப்பினார். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் சேதி போய்ச் சேரவே இல்லை. கொண்டுபோன ஆள் பாதி வழியில் பயந்து திரும்பிவிட்டான். வந்தது மூணாவதும் நாலாவதும்தான்.

நாலு பக்கமும் துணிக்கட்டு அடுக்கிய அறை. பேசினால் பேச்சு அப்படியே துணிக்குள் போய்விடும், எதிரொலியே கிடையாது. அக்கார்டியன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பாடச் சொல்லிக் கேட்டார். இதோ, வந்துவிட்டது என்றுதான் மூணாவது நினைத்தாள். அவர் நாலாவதைக் கைகாட்டினார்.

"நீ முன்னால நில்லும்மா. மூணாவது, நீ கோரஸ் எடுத்துக்கோ."

மூணாவதுக்கு முகம் செத்துவிட்டது. வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, கடைசிக் கோட்டுல நிக்கிறவளையா முன்னால நிறுத்துறீங்க?"

"கடைசிக் கோட்டுல எதுக்கு நிறுத்தினேன்னு நினைச்சே? அவ குரலை எங்க வச்சாலும் தனியா முட்டிக்கிட்டு வெளிய வந்துடுது. பக்கத்துல நின்னா உங்க மூணு பேரையும் முழுங்கிடும். அதான் செவுத்துக்குத் தள்ளினேன்."

இத்தனை வருஷமும் மைக்குக்குப் பக்கத்தில் நிற்பவள்தான் உசத்தி என்று நினைத்து, முதலாவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டுச் செத்திருக்கிறாள் இந்த மகராசி! நாலாவதைப் பார்த்து ஒரு நாளாவது பொறாமைப்பட்டாளா? பாவம் என்று உச்சுக்கொட்டி, தன் சாப்பாட்டில் பாதியைக்கூடக் கொடுத்திருக்கிறாள். இப்போது வயிறு எரிந்தது. ஆனால் நாலாவது பாடத் தொடங்கினதும் எரிச்சல் அடங்கிப்போனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

'வரிசையில நிக்கிறோமே, வாசல் எப்பத் தொறக்கும்?'

அவ்வளவுதான் பல்லவி. ஒரு பெண் வரிசையில் நின்றபடி முன்னால் நிற்பவளிடம் கேட்பதுபோல இருந்தது, அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. மூணாவது 'எப்ப, எப்ப' என்று பின்பாட்டு எடுத்தாள். தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

கேசட் எப்படிப் பரவியது என்று யாருக்கும் தெரியாது. மாவு வரிசையில் ஒருத்தி முனகினாள். அடுத்த நாள் மண்ணெண்ணெய் வரிசை முழுக்க முனகியது. அரசாங்கம் பாட்டைத் தடை செய்தது. தடை செய்ததும் கேட்காதவனும் தேடிப் பிடித்துக் கேட்டான். போலீஸ்காரர் லத்தியோடு வரிசைக்குப் பக்கத்தில் நடந்தால், முன்னால் நிற்பவர்கள் வாயை மூடுவார்கள், பின்னால் நிற்பவர்கள் தொடங்குவார்கள். அவர் எத்தனை தரம்தான் முன்னும் பின்னும் ஓடுவார்! ஊரெல்லாம் ஒரே கேள்விதான்: யார் அந்தக் குரல்? மாணவத் தலைவி என்றார்கள், வெளிநாட்டுக்காரி என்றார்கள், செத்துப்போன ஒருத்தியின் பழைய பதிவு என்றுகூடச் சொன்னார்கள். மூணாவது அந்த வரிசையிலேயே பையும் கையுமாக நின்று இதையெல்லாம் கேட்டாள். ஒருத்தராவது பின்பாட்டு யார் என்று கேட்கவில்லையே என்று, சிரிக்காதீர்கள், அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அக்கார்டியன்காரர் எல்லை தாண்டி ஓடிவிட்டார். ஒரு நாள் காலை வானொலி நிலையத்துக்கு உளவுத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். ஓடிப்போனவரோடு பாடியவர்கள் என்று கோரஸ் பெண்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேசட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவதும் இரண்டாவதும் ஒன்றும் தெரியாதவர்கள். போன வேகத்தில் வெளியே வந்தார்கள்.

மூணாவது உள்ளே போய் உட்கார்ந்தாள். முகத்தை மண்சட்டி மாதிரி வைத்துக்கொண்டாள். கண் இமைக்கவில்லை, கால் ஆடவில்லை, விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள். கேசட்டில் நாலாவது பல்லவியைப் பாடி முடித்தாள். பின்பாட்டு வரவேண்டிய இடம் வந்தது. மூணாவதின் தோள் தானாக மேலே ஏறியது. மூச்சு உள்ளே போனது. அடுத்த கணம் கேசட்டிலிருந்து 'எப்ப, எப்ப' என்று அவள் குரல்.

அதிகாரி கேசட்டை நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அவள் மூச்சை அடக்கப் பார்த்தாள், உடம்பு கேட்டால்தானே! அதே இடத்தில் தோள் ஏறியது.

"பாட்டு வர்றதுக்கு முன்னாடியே மூச்சு எடுக்கிறீங்களேம்மா" என்றார் அவர், மரியாதையாகவே. "அந்தப் பின்பாட்டு உங்களோடதுதான். முன்னால பாடுறது யாரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் நாலாவது உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டால் கேசட்டைப் போட வேண்டிய அவசியமே இருக்காது. வாசலைத் தாண்டும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

"ரெண்டும் நான்தான் சார்" என்றாள் மூணாவது.

"ரெண்டுமா?"

"முதல்ல ஒரு டேப்புல பாட்டைப் பாடினேன். அதை ஓடவிட்டுக் கேட்டுக்கிட்டே, பின்பாட்டை மேல பாடி இன்னொரு டேப்புல எடுத்தோம். சினிமாவுல பண்றதுதானே."

"பாடுங்க, பாப்போம்."

அவள் எழுந்து நின்று பாடினாள். தனியாக, முன்னால் நின்று, முழுப் பாட்டையும். முதல் வரியில் பயம் இருந்தது. இரண்டாவது வரியில் போய்விட்டது. எந்த நேரத்தில் எது வரக்கூடாதோ அது வந்தது: சந்தோஷம்! கைது பண்ண வந்தவன் எதிரே, கேட்க வேறு நாதியில்லாத அறையில், அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதிகாரிக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது போலிருக்கிறது. அல்லது, ஒப்புக்கொண்ட ஆள் கைக்குள் இருக்கும்போது இன்னொரு ஆளை எதற்குத் தேட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. தலையை ஆட்டிவிட்டு வாசலைக் காட்டினார். பெஞ்சைத் தாண்டும்போது நாலாவது வாயைத் திறக்கப் போனாள். மூணாவது ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான்.

புருஷன் சிறைக்கு முதல் தடவை பார்க்க வந்தபோது கம்பிக்கு அருகில் குனிந்து, "தூக்கத்துல நீ முனகினாலே எனக்குத் தெரியும். முன்னால பாடுறது நீ இல்ல" என்றான்.

"நாலாவது வயித்துப் பிள்ளையோட வெளிய உக்காந்திருந்தா."

பாடும்போது தனக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தாள். ஒரு முறை அடித்தார்கள். இடது காது அதிலிருந்து மந்தம். ராத்திரியெல்லாம் மூட்டைப்பூச்சி. ஆனால் சிறைப் பெண்கள் தினமும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "பாடுக்கா" என்பார்கள். அவளும் பாடினாள். நாலாவதைப் போலப் பாடாமல், தன் போக்கில், வேகமாக, கொஞ்சம் சண்டைக்காரத்தனமாகப் பாடினாள். நன்றாகவே பாடினாள்.

வெளியே வேலைநிறுத்தம், ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, மறுபடி ஊர்வலம். கடைசியில் தளபதி விமானம் ஏறிவிட்டார். சிறை வாசலில் அவளுக்காகக் கூட்டம் நின்றது. 'அந்தக் குரல்' இதுதான் என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் தலை. மைக் அவள் உயரத்துக்கு இறங்கியது. கனவு கண்டாளே, அதற்கு ஒரு குறையும் இல்லை. சிறையில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பாட்டை, உயிரைக் கொடுத்துப் பாடினாள்.

கூட்டம் அழுதது. மேடைக்கு அடியில் ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாவிப் பசங்க! எப்பேர்ப்பட்ட குரல்! அடிச்சே இப்படிக் கெடுத்துட்டாங்களே!"

"ஆமாங்க, கேசட்டுல எப்படி இருந்துச்சு! பாதிகூட இல்ல" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி மூக்கைச் சிந்தியபடி.

மூணாவதுக்கு அது காதில் விழுந்தது, நல்ல காதில். வாழ்நாளில் அவள் பாடிய பாட்டிலேயே சிறந்த பாட்டு அது. அதைக் கேட்டு ஊரே அவளுக்காக இரக்கப்பட்டது. யாருக்காவது இப்படி ஒரு தண்டனை கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். போன நாள் திரும்பி வருமா? அவள் படம் சுவரில் ஏறியது. தேர்தல் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் பாடுவாள், எங்கே போனாலும் ஐயோ பாவம் என்பார்கள். நாலாவதைத் தேடிப் போக முகம் இல்லை. அவள் வானொலி வேலையை விட்டுவிட்டு, நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுவதாகச் சொன்னார்கள். புருஷன் மட்டும் இரண்டொரு தரம், "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றான். "போறேன், போறேன்" என்று எரிந்து விழுந்தாள்.

அக்கார்டியன்காரர் திரும்பி வந்திருந்தார். புது அரசாங்கம் அவரை வானொலி இயக்குநராக்கியது. கொஞ்ச வருஷத்தில் தொந்தியும் வந்தது. புது அரசாங்கத்திலும் வரிசை ஒழியவில்லை என்பது வேறு கதை. தளபதி ஓடிப்போன விடுதலை நாளுக்கு அந்தப் பாட்டைப் பெரிய வாத்தியக் குழுவோடு, மந்திரி முன்னிலையில் அவளே பாட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். கெட்டுப்போன குரலைச் சரிபண்ண அரசாங்கச் செலவில் தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் விளக்கடித்து அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "உங்க தொண்டையில ஒண்ணுமே இல்லையேம்மா. வெங்கலம் மாதிரி இருக்கு" என்று கைவிரித்தார்.

அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். "அண்ணே, உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதுக்கு மேல என்னால முடியாது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இப்பப் போய் இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஜனங்களுக்குப் பிடிச்ச கதை. அதை எதுக்குக் கலைக்கிற? நீ ஒண்ணும் பாடவே வேணாம். பழைய கேசட்டைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். ஓடவிடுறோம். நாளைக்கு நீ மைக் முன்னால நின்னு வாயை அசை, போதும்."

பொய் சொன்னபோதுகூட அவள் தன் சொந்தக் குரலில்தான் பாடினாள். இப்போது அதுவும் வேண்டாமாம்! இறங்கி வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, இத்தனை வருஷமாகப் போகாத நாலாவதின் வீட்டுக்குப் போனாள்.

ஒண்டுக்குடித்தனம். ஒரே அறை, நடுவில் ஒரு திரை. இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். நாலாவது வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் மகள், பள்ளிக்கூடப் பையைக் கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மூணாவது சிறைக்குப் போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. சும்மா பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று மூணாவது, "அம்மா உனக்கு என்னென்ன பாட்டெல்லாம் பாடுவாங்க?" என்று கேட்டாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. "எங்கம்மாவுக்குப் பாடத் தெரியாதே."

மூணாவது அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நாலாவது வந்ததும், "அக்கா!" என்று கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். மூணாவது அவளைப் பிடித்து உலுக்கினாள். "பிள்ளைக்கு ஒரு தாலாட்டுக்கூடப் பாடலையாடி நீ?"

"எப்படிக்கா பாடுறது?" தடுப்பைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டுடும்ல. முதல்ல போலீஸுக்குப் பயந்து பாடல. அப்புறம் அவங்க போயிட்டாங்க, ஆனா நீ மேடையில நின்னுட்டிருந்தே. நான் வாயைத் திறந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. எனக்காக உள்ள போனவளை ஊரு பொய்க்காரின்னு சொல்லட்டும்னு விடுவேனா?"

மூணாவதுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தன்மேல்தான் கோபம். தான் ஊரூராகப் போய் ஐயோ பாவம் வாங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே ஒருத்தி தன் குழந்தைக்குப் பக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்!

"நாளைக்கு ஸ்டுடியோவுக்கு நீ வர்றே" என்றாள்.

"மாட்டேன்க்கா. உன்னைக் கல்லால அடிப்பாங்க."

"அடிக்கட்டும். உள்ள இருந்தது நான். அதை எவனும் என்கிட்டேருந்து புடுங்க முடியாது. குரல் உன்னோடது. வர்றியா, இல்ல தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகட்டுமா?"

மறுநாள் ஸ்டுடியோவில் மூன்று பேராக நுழைந்தார்கள். அக்கார்டியன்காரர் நாலாவதைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனார். "மந்திரி உக்காந்திருக்கார்" என்று பல்லைக் கடித்தார். மூணாவது அவரைத் தாண்டிப் போய், மந்திரியையும் பத்திரிகைக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் பார்த்து, ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சந்தோஷமாகப் பாடினேன் என்பதையும் விடாமல் சொன்னாள். யாரோ ஒருவர், "எவ்வளவு வாங்கினே?" என்று கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாலாவதை மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குழந்தையோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

நாலாவது வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இருமினாள், தண்ணீர் குடித்தாள். இரண்டாவது தடவை குரல் வந்தது, துருப்பிடித்த கீல் மாதிரி. மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, 'வரிசையில நிக்கிறோமே' என்றாள். வயலின்காரர் வில்லை இறக்கிவிட்டார். கத்தின ஆள் வாயைப் பொத்திக்கொண்டான். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நாடு முழுக்க வரிசையில் நின்று கேட்ட அதே குரல்.

"அது எங்கம்மாவா?" என்று குழந்தை கேட்டது.

"ஆமாடா கண்ணு. உங்கம்மாதான்."

மூணாவது பெருமையாகக் குனிந்து பார்த்தாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழத் தொடங்கியது.

"அப்ப எனக்கு ஏன் பாடல?"

மூணாவது குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே பாட்டு முடிகிற வரைக்கும் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.